ஒரே ஸ்டென்ட், இரண்டு மதிப்பீடுகள்

பாம்பனில் இருக்கும் என் தாய்மாமாவுக்குச் சென்ற ஆண்டு மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, ஒரே சிகிச்சைக்கு இரண்டு மதிப்பீட்டுத் தாள்கள் கைக்கு வந்தன. ரொக்கமாகக் கட்டினால் 1,35,000 ரூபாய் என்றது முதல் தாள். காப்பீட்டு அட்டையைக் காட்டியபின் அச்சாகி வந்த தாளில் 1,62,000 என்றிருந்தது. "இன்சூரன்ஸ்காரன்தானே குடுக்கப் போறான், உனக்கென்ன மாப்ள?" என்றார் மாமா. அவருடைய பாலிசியின் 3,00,000 ரூபாய் வரம்பிலிருந்துதான் அந்தக் கூடுதல் 27,000 ரூபாயும் கழியும் என்று விளங்கவைக்கச் சற்று நேரம் பிடித்தது.

காப்பீட்டு நிறுவனம் தொடர்ந்து நோயாளிகளை அனுப்பும், அதற்கு ஈடாக மருத்துவமனை விலையைக் குறைத்துக்கொள்ளும் என்பதே, இருவரும் முன்கூட்டியே பேசி முடிக்கும் ஒப்பந்த விகிதத்தின் அடிப்படை. முன்பணம் தந்த வியாபாரிக்கு ஏல விலையைவிடக் குறைத்து மீனைப் போடும் எங்கள் கரை வழக்கமும் ஏறக்குறைய இதுதான். ஆனால், பக்கத்திலேயே ஏலம் கூவி நடப்பதால், எவ்வளவு இழந்தோம் என்பது படகுக்காரரான சம்மாட்டிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துடனும் பேசிய விலையை மருத்துவமனைகள் வெளியிட வேண்டும் என்பது விதி. அங்கே, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விகிதத்தை அருகில் வைத்து ஒப்பிடுகிறார்கள். எனக்குக் கிடைத்ததோ, விலை குறையாமல் ஏறியிருந்த மதிப்பீட்டுத் தாள் மட்டுமே.

அளவுகோலாக, மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் விகிதப் பட்டியலை எடுத்தேன். முதல் நாள் நான் போட்ட கணக்கு தவறு. அந்தப் பட்டியலின் பேக்கேஜில், அதாவது சிகிச்சைக்கான ஒட்டுமொத்தக் கட்டணத்தில், ஸ்டென்ட் சேராது, அதற்குத் தனிக் கணக்கு. என் தாள்களின் மொத்தத் தொகையிலோ ஸ்டென்டும் சேர்ந்தே இருந்தது. மேலும், அரசு நிர்ணயித்த விலையைச் சந்தை விலை என்று கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே வேறு இரு மருத்துவமனைகளின் ரொக்க விலையையும் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவை எங்கள் முதல் தாளை ஒட்டியே இருந்தன.

மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்து, பின்னர் அவ்வப்போது திருத்தி வருவதால், இரண்டு தாள்களிலும் அதன் விலை ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் அறையில் தொடங்கியது. ரொக்கத் தாளில் இருவர் தங்கும் அறை. காப்பீட்டுத் தாளில், நாங்கள் கேட்காமலே, தனியறை. அறை உயர்ந்ததும் மருத்துவர் கட்டணமும், ஸ்டென்ட் வைக்கும் கூடமான கேத் லேப்பின் கட்டணமும் சேர்ந்து ஏறியிருந்தன. இருவர் அறைக்கே மாற்றி எழுதச் சொன்னதும் வித்தியாசம் 11,000 ஆகச் சுருங்கியது. காப்பீட்டுப் பணம் வாரக்கணக்கில் தாமதமாக, வரிப் பிடித்தமும் காப்பீட்டு நிறுவனம் பில்லில் போடும் வெட்டும் போக வருகிறது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அதில் பாதியை வேண்டுமானால் நான் ஏற்பேன்.

இறுதி பில் 1,46,000 ரூபாய். பாலிசியில் மீதம் 1,54,000 என்று அட்டையின் உறையில் எழுதி மாமாவிடம் கொடுத்தேன்; அடுத்த மார்ச் வரை அதுதான் இருப்பு.