பல் படாத பூ

வேலூர்க் கோட்டை வாசலில் பூ விற்கும் பாயிடம் இன்று மாலை இரண்டு முழம் மல்லிகை கேட்டேன்.

கத்தரிக்கோல் அவர் கைக்கு அகப்படவில்லை. நாரைப் பல்லால் கடித்துவிடுங்கள் என்றேன். "சாமிக்குப் போற பூம்மா, எச்சில் படக்கூடாது" என்றவர், கோணிக்கு அடியில் துழாவிக் கத்தரியை எடுத்த பிறகே நறுக்கிக் கொடுத்தார்.

ஜலகண்டேஸ்வரர் சன்னதியில் நின்றபோதும் அந்தக் கத்தரியே நினைவில் இருந்தது.

நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைகளை எதிர்த்து, 1806 ஜூலை 10 அன்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து எழுந்தது இதே கோட்டைக்குள்தான். (பரீட்சைக்காக ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவள் நான்.) தன் தாடிக்காக ஒருவர் கொதித்தது எளிதில் புரிகிறது, அடுத்தவர் நெற்றித் திருநீற்றுக்காகவும் அவர் கொதித்திருப்பாரா என்று இன்றுதான் யோசித்தேன்.

திரும்பி வரும்போது பாய் கையை நீட்டி அழைத்தார். நான் விட்டுச் சென்றிருந்த பாக்கிச் சில்லறை, ஐந்து ரூபாய்.