நம்ம துட்டு

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து, பெங்களூரு பொம்மனஹள்ளியைச் சுற்றி 4 கார்மெண்ட்ஸில் 16 வருஷம் தையல் மெஷின் ஓட்டிவிட்டேன். ஏன் 4 என்றால், அதற்குக் காரணம் பிஎஃப், அதாவது மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிடிப்பதும் முதலாளி கட்டுவதும் சேர்ந்த வைப்பு நிதி.

எங்களுக்கு அது வயதான காலத்துப் பணம் இல்லை. அப்போதெல்லாம் வேலையை விட்டு, இரண்டு மாதம் வீட்டிலிருந்து அதை எடுத்து, மகள் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், வட்டிக் கடன் என்று அடைத்துவிட்டு அடுத்த கம்பெனி கேட்டில் புது ஆளாகச் சேர்வோம். 40 தாண்டினாலே கண் மங்கிப் போய், இத்தனை பீஸ் முடிக்கணும் என்கிற டார்கெட்டை எடுக்க முடியாது. அப்படி இருக்கும்போது, முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை தொட முடியாது என்று மத்திய அரசு 2016 பிப்ரவரியில் விதியை மாற்றியது. அந்தச் சேதி எங்கள் தையல் லைனுக்கு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. எந்தத் தலைவரும் கூப்பிடவில்லை. ஒரு லைன் எழுந்தது, அப்புறம் ஃப்ளோரே எழுந்து ஓசூர் ரோட்டில் போய் உட்கார்ந்தது. "நம்ம துட்டு, நம்ம துட்டு" என்று கத்தினோம். கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ்கள் எரிந்தன. அன்றைக்கே அரசு விதியை வாபஸ் வாங்கியது.

ஜெயித்தோம், அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அடுத்த வாரம் லைனில் அதே வாடி போடி, அதே டார்கெட், பாத்ரூம் போனால் அதே முறைப்பு. ரோட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் மெஷின் முன்னால் ஆளுக்கொரு ஆளாகிவிட்டோம். அதனால்தான் தொழிற்சங்கத்துக்குப் போனேன். கிடைக்கிற ஒரே ஞாயிறையும் விட்டுவிட்டுப் போகிறாயே என்று வீட்டில் சண்டை. அங்கே ஒரு அக்கா என் சம்பளச் சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்துக் காட்டினார். 5 வருஷம் ஒரே இடத்தில் முடித்தால் வேலையை விடும்போது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டி உண்டு என்றார். ஒவ்வொரு தடவையும் நாலு, நாலரை வருஷத்தில் விட்டுவிட்டு வந்தவள் நான், அன்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு எங்கள் லைனில் ஒருத்தியிடம் மிரட்டி ராஜினாமாவில் கையெழுத்து வாங்கியபோது, சந்தா கட்டிய 11 பேர் சேர்ந்து ஆபீஸ் வாசலில் நின்றோம். மூன்றாம் நாள் அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு 5 வருஷம் முடிய அப்போது 2 மாதம்தான் பாக்கி.