பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய பழைய மீட்டியோர்

பழைய பைக் பார்க்கப் போகிறவர்கள் வண்டி தெரிந்த நண்பன் ஒருவனைக் கூட்டிப் போவார்கள். நான் மெக்கானிக் ஒருவரோடு மனைவியையும் கூட்டிப் போனேன். அந்த வண்டியில் பின்னால் உட்காரப் போவது அவள்தான். இன்ஜின், டயர், ஆர்சி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளலாம். பின்சீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதில் நான் உட்காரப் போவதே இல்லை.

எங்களுக்குப் பெரிய வண்டி தேவைப்பட்டதற்குக் காரணம் மாமியார் வீடு. வால்பாறை. கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டிலிருந்த 110 சிசி வண்டி இருவரையும் ஒரு பையையும் வைத்துக்கொண்டு மலை ஏறும், ஏறாமல் இல்லை. ஆனால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி நின்று வழிவிட்டே போக வேண்டும். புதிது வாங்க மனமில்லை. ஒன்றரை லட்சத்துக்குள் பழையது, பின்னால் முதுகு சாய இடம் இருக்க வேண்டும், இவ்வளவுதான் கணக்கு.

முதலில் மனதில் இருந்தது பஜாஜ் டாமினார் 400. 373 சிசி, 40 குதிரைத்திறன். மலைக்கு அது போதும் போதும் என்கிற அளவு. தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். அவள் ஐந்தடி. "நல்லாத்தாங்க இருக்குது, ஆனா நான் உங்க தலைக்கு மேல உட்கார்ந்த மாதிரி இருக்குது" என்றாள். அடுத்து பழைய ஹிமாலயன் 411. ஓட்டுபவருக்கே சீட் உயரம் 800 மில்லிமீட்டர். பின்சீட் அதைவிட உயரம். பக்கவாட்டில் பெட்டியும் மாட்டிவிட்டால் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது அவளுக்குப் பெரும்பாடு. இரண்டுமே அருமையான வண்டிகள்தான். அவளுடைய உயரத்துக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

மீட்டியோர் 350 பக்கம் வந்தது இப்படித்தான். தண்டர்பேர்டுக்குப் பதிலாக 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த வண்டி. 349 சிசி, 20.2 குதிரைத்திறன், எடை 191 கிலோ, சீட் உயரம் 765 மில்லிமீட்டர், 15 லிட்டர் டேங்க். ஃபயர்பால், ஸ்டெல்லர், சூப்பர்நோவா என்று மூன்று வகை வந்தன. ஸ்டெல்லரிலும் சூப்பர்நோவாவிலும் பின்னால் சாய்மானம் கம்பெனியிலிருந்தே வரும், சூப்பர்நோவாவில் முன்னால் கண்ணாடியும் உண்டு. 20 குதிரைத்திறன் குறைவு என்று இளவட்டங்கள் சொல்வார்கள். நாங்கள் இருவரும் பைகளும் சேர்ந்தால் 160 கிலோ வரும். அதைச் சுமந்து மலை ஏற உச்ச வேகம் உதவாது. 4000 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க், அதாவது இழுவிசை, கிடைப்பதுதான் உதவும்.

பெங்களூரில் இதே வண்டி பத்து, பதினைந்தாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று நண்பர்கள் ஆசைகாட்டினார்கள். அங்கிருந்து கொண்டுவந்தால் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைவது தனிக் கதை. மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். சென்னை வண்டி என்றால் எனக்கு இன்னொரு பயம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா, இல்லையா? சீட்டைக் கழற்றி ஃப்யூஸ் பெட்டிக்குள் சேறு காய்ந்த தடம் இருக்கிறதா, ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். அதற்காகச் சென்னை வரை போவானேன்? கோவை நம்பர்களான டிஎன் 37, 38, 66, 99 தவிர வேறு நம்பரைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கிடைத்தது போத்தனூரில். 2021 சூப்பர்நோவா, ஒரே ஓனர், 21,000 கிலோமீட்டர் ஓடியது. விற்பவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி வந்துவிட்டதால் விற்கிறார். போவதற்கு முந்தைய நாளே போனில் ஒன்று சொல்லிவைத்தேன்: "சார், நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க." சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். போனதும் முதலில் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சிரித்துவிட்டார். "நம்பலையா தம்பி?" என்றார்.

ஓட்டம் 21,000 என்பதை நான் மீட்டரை வைத்து நம்புவதில்லை. பிரேக் மிதியின் ரப்பர், கியர் லிவர் முனை, கைப்பிடி ரப்பர் மூன்றும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்க வேண்டும். இங்கே அது சரியாக இருந்தது. என் மனைவி குனிந்து பார்த்தது வேறு இடத்தை. பின்சீட்டுக்காரர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள் புதுசு போலவே இருந்தன, இடுக்கில் தூசி மட்டும். "இதுல யாருமே உட்காரலைங்க" என்று மெல்லச் சொன்னாள். அவர் மனைவி ஒரு தடவை ஏறியதோடு சரி, அப்புறம் ஏறவே இல்லையாம். கேட்க நல்ல செய்திதான், பின் ஷாக் அப்சார்பர் சுமை தாங்கி நொந்து போயிருக்காது. ஆனால் ஒரு ஆபத்தும் உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்தால் இந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது விற்பவருக்கே தெரியாது.

சேலை கார்டு கழற்றப்படாமல் இருந்ததையும் கவனித்துக்கொண்டேன். பெட்டி மாட்ட, சத்தமான சைலன்சர் மாட்ட என்று பலர் அதை அறுத்து எறிந்துவிடுகிறார்கள். பின்னால் ஆள் ஏற்றும் வண்டியில் பிடிமானமும், கால் வைக்கும் இடமும், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. விதியை விடுங்கள், துப்பட்டா சக்கரத்தில் சிக்கிய ஒருவரைப் பார்த்தவர்கள் அந்தக் கம்பியைக் கழற்ற மாட்டார்கள்.

இரண்டு பேருமாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் கொஞ்சம் தயங்கினார். எங்கள் வண்டியையும் லைசென்ஸ் நகலையும் அவர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் முன்பே பார்த்திருந்தேன். இல்லாவிட்டால் அடுத்தவர் வண்டியில் நூறு மீட்டர் கூடப் போகக்கூடாது.

போத்தனூர் தெருக்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. முதல் வேகத்தடையில் பின்னால் 'டக்' என்று அடித்தது, அவளும் "அம்மா" என்றாள். ஓரமாக நிறுத்தினோம். தன் வண்டியில் எங்கள் பின்னாலேயே வந்த மெக்கானிக் அண்ணன் சி ஸ்பேனரை எடுத்தார். இந்த வண்டியின் பின் ஷாக்குகளில் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஆறு படிகளில் மாற்றலாம், விற்பவர் தனியாகவே ஓட்டியதால் அது கீழ்ப் படியிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நான்காம் படிக்கு ஏற்றினார். அதே வேகத்தடையில் திரும்பப் போனபோது அந்த 'டக்' இல்லை. முதல் அடியிலேயே ஷாக் போச்சு என்று முடிவு கட்டியிருந்தால் நல்ல வண்டி கைநழுவியிருக்கும்.

அப்புறம் ஆத்துப்பாலம் வழியாக உக்கடம் மேம்பாலம். ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்து, மூன்றாம் கியரிலேயே மெல்ல முறுக்கினேன். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. இது ஒழுங்காக இழுத்தது. இறக்கத்தில் கூட்டமில்லாத இடம் பார்த்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். அவளுடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடித்தது. தொட்டாலே வெடுக்கென்று பிடிக்கும் பிரேக் என்றால் இந்த இடி அடிக்கடி விழும், வால்பாறை இறக்கத்தில் கழுத்து போய்விடும். இரண்டாவது முறை மெதுவாக ஆரம்பித்து அழுத்தியபோது இடிக்கவில்லை. குறை பிரேக்கில் இல்லை, என் கை பழக வேண்டும்.

மேம்பாலம் இறங்கி டீக்கடையில் நிறுத்தி, அவளிடம் மட்டும் கேட்டேன். முட்டி மடங்கும் கோணம் பரவாயில்லை. சாய்மானம் இடுப்புக்கு மேலே சரியாகப் படுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஃபுட்ரெஸ்டில் லேசான அதிர்வு உண்டு, கால் மரத்துப்போகிற அளவுக்கு இல்லை. சீட்டின் பின்பகுதி மட்டும் கொஞ்சம் சரிவு, பிரேக் போட்டால் முன்னால் வழுக்கி வருகிறாள். "சீட்டை மட்டும் மாத்திக்கலாங்க, வண்டி இருக்கட்டும்" என்றாள். எனக்கு அந்தத் தீர்ப்பு போதும்.

மீதியை அண்ணன் பார்த்தார். நடு ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினார். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போயிருந்தால் நேர் நிலையில் ஒரு குழியில் விழுவது போல நிற்கும். இதில் இல்லை. இடது ஃபோர்க்கில் விரலை ஓட்டினார், எண்ணெய்ப் பிசுக்கு. ஆயில் சீல் மாற்ற வேண்டும். பின் டயரின் பக்கவாட்டில் 0421 என்று நான்கு எண்கள்: 2021-இன் நான்காவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் வரிகள்) மிச்சமிருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது, இருவர் பாரத்தை அதை நம்பி ஏற்ற முடியாது. செயின் ஒட்ட இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆள் உட்கார்ந்து பின் பக்கம் தாழும்போது செயின் இன்னும் இறுகும், பேரிங்கை இழுத்துத் தின்றுவிடும். அதனால் எங்களை இருவரையும் உட்காரவைத்துத் தளர்ச்சியைப் பார்த்தார்.

இன்னொன்றும் இருந்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான வண்டிகளில் இக்னிஷன் காயில் பிரச்சினைக்காக 2021 மே மாதம் கம்பெனி ரீகால் அறிவித்தது, அதாவது சரிபார்க்கத் திரும்ப அழைத்தது. மீட்டியோர், கிளாசிக், புல்லட் என்று சுமார் 2.37 லட்சம் வண்டிகள். இதுவும் அந்தக் காலத்து வண்டி. சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம், சோதனை முடிந்ததாகப் பதிவு இருந்தது. சர்வீஸ் வரலாற்றிலும் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறி வந்திருந்தது.

விலை பேசுவது சீக்கிரம் முடிந்தது. அவர் சொன்னது 1,65,000. டயர், செயின் செட், ஃபோர்க் சீல், சீட் என்று செலவை எழுதிக் காட்டி 1,48,000-க்கு முடித்தோம்.

காகித வேலைதான் இழுத்தது. ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு அப்படியே இருந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது, கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ஐ வாங்கி ஆர்டிஓவில் கொடுக்கத்தான் அவர் மறந்திருந்தார். அந்த வங்கிக் கிளையோ இடம் மாறியிருந்தது. வங்கியின் என்ஓசி கைக்கு வரும்வரை 5,000 முன்பணத்துக்கு மேல் கொடுக்கவில்லை. அடுத்த தடங்கல் செல்போன் எண். அரசின் வாகனத் தளமான பரிவாகனில் பதிவான எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். அங்கே இருந்தது அவருடைய பழைய எண், சிம் செத்துப்போய்விட்டது. எண்ணை மாற்றிய பிறகே வேலை நகர்ந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த ஒன்றைக் கேட்டுவிடலாம். ஹெல்மெட் போடாத அபராதம் ஒன்று இ-சலானில் நின்றது, கூச்சத்தோடு அவரே கட்டிவிட்டார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்தானதும் மீதிப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பினேன். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதிக்கொண்டோம். அன்றைக்கு மாலை ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சே வராது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் எழுத வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டைப் பெயர் மாற்றாமல் விட்டால் க்ளெய்ம் கேட்கும்போது கை விரித்துவிடுவார்கள். நோ க்ளெய்ம் போனஸ் அவருடையது, அது நமக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்டினேன்.

ஆர்சி என் பெயருக்கு வருவதற்குள் டயர், சீல், செயின் செட் முடிந்தன. சீட்டை உக்கடத்தில் குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்து, பின்பகுதியைச் சமமாக்கிக் கெட்டி ஃபோம் வைத்தோம். அவளை உட்காரவைத்துத்தான் அவர் வெட்டினார். கடைசியாக ஹெட்லைட். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இரவில் இருவரும் உட்கார்ந்துகொண்டு வீட்டுச் சுவரைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கினோம். டாப் பாக்ஸ் வேண்டாம் என்று விட்டாச்சு. பின் அச்சுக்கும் பின்னால் எடை ஏறினால் வளைவில் முன் சக்கரம் லேசாகிறது. பக்கப் பைகள் இரண்டு போதும். மாமியார் பலாப்பழம் கொடுத்தால் பஸ்ஸில் போட்டுவிட வேண்டியதுதான்.