தலைக்குப் போகிற கை

அட்டன் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பிள்ளை. மடியில் சாதாரண தரக் கணித வினாத்தாள், கை உச்சந்தலையில். முடி முடியாகத் தடவிப் பார்த்து, கொஞ்சம் முரடாகத் தட்டுப்படுவதை வெடுக்கென்று பிடுங்குகிறாள். பிடுங்கியதை உடனே போடவில்லை, விரலில் சுற்றி, வேரை உற்றுப் பார்த்து, அப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே விட்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மா கையில் ஒன்று போட்டார். "விடு புள்ள, மொட்டையாகிப் போயிரும்!"

அடித்து நிற்கிற பழக்கமா இது?

முடியைப் பிடுங்காமல் இருக்க முடியாத இந்த மனநலப் பிரச்சினைக்கு 1889லேயே ட்ரைக்கோட்டில்லோமேனியா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். மனசு இறுகும்போது வரும், சும்மா டீவி பார்க்கும்போது தன்னை அறியாமலும் வரும். நம் தேயிலைத் தோட்டங்களில் இப்படிப் பிடுங்கித் தலையில் திட்டு விழுந்தாலும் புழுவெட்டு என்று சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிடுவோம் (பாவம் அந்தத் தலை).

1973ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய பழக்க மாற்றுப் பயிற்சிதான் இன்றும் முக்கியமான சிகிச்சை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் கை போகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும், போகப்போகிற அந்த நொடியில் விரல்களை இறுக்க மூடி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். ரப்பர் பந்து, பின்னல் ஊசி என்று கைக்கு வேறு வேலையும் கொடுக்கலாம். படிக்கும்போது கொழுந்துக்குப் போகிறவர்கள் மாதிரி தலையில் துண்டு கட்டினாலும் சரி.

அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி மனநல கிளினிக் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. லயத்தில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள், பேசட்டும்.