எம்.எஃப்.இ.க்கு முன் ஆன்லைன் பாடங்கள்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே அமெரிக்காவில் எம்.எஃப்.இ. (மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங்) போன்ற குவாண்ட் ஃபைனான்ஸ், அதாவது நிதித் துறைக்கான கணித மேற்படிப்புக்குத் தயாராகிறவர்கள் பெங்களூருவில் நிறைய. ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் அப்படி வேலை பார்த்தபடியே முன்தயாரிப்புப் பாடங்களை முடித்த சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கோர்ஸ் நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து மேஜையில் வையுங்கள். அதில் இல்லாத பாடத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். இருந்தும் மறந்துபோன பாடத்துக்கு இலவச வீடியோவும் ஒரு குயர் பேப்பரும் போதும்.

விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் தேடுவது நான்கைந்து விஷயங்கள்தான்: பல மாறிகள் வரைக்குமான கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ் அடிப்படையிலான ப்ராபபிலிட்டி, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், ஏதாவது ஒரு மொழியில் உருப்படியான புரோகிராமிங். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இவற்றில் பெரும்பகுதி உண்டு. ஆனால் பாடத்தின் பெயர் அதைக் காட்டிக் கொடுக்காது. ஐகன்வேல்யூ, கேய்லி ஹாமில்டன் போன்ற லீனியர் அல்ஜீப்ரா தலைப்புகள் எல்லாம் 'இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 2' பேப்பரின் முதல் யூனிட்டுக்குள் ஒளிந்திருக்கும். இ.சி.இ. படித்தவர்களுக்கு 'லீனியர் அல்ஜீப்ரா' என்ற சொல்லே பாடத்தின் பெயரில் இருக்கிறது. சி.எஸ்.இ. படித்தவர்களுக்கு அது இல்லை. பதிலாக 'ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி' இருக்கும், அதில் மார்க்கோவ் செயினும் பாய்சான் ப்ராசஸும் வந்துவிடும். ஆகவே சி.எஸ்.இ. ஆட்கள் பணம் கட்ட வேண்டிய முதல் இடம் லீனியர் அல்ஜீப்ரா. ப்ராபபிலிட்டிக்கு மறுபடியும் சான்றிதழ் வாங்குவது வீண்செலவு. பழைய சிலபஸ் பிடிஎஃபை இறக்கி, யூனிட் வாரியாகத் தலைப்புகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பல விண்ணப்பங்களில் ஒவ்வொரு கணிதப் பாடத்துக்கும் தலைப்பு, படித்த புத்தகம், வாங்கிய கிரேடு என்று தனித்தனிக் கட்டம் வரும். அன்றைக்கு உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

இல்லாத பாடத்தை எங்கே படிப்பது?

குறைந்த செலவில் மதிப்பெண்ணோடு வருவது, ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். பதிவு இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். 12 வாரப் பாடமென்றால் அசைன்மென்ட்களில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் 25-க்கு 10, 75-க்கு 30 இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்ட்டில் 24 வாங்கிவிட்டு, தேர்வில் 28-இல் நின்றால் கையில் ஒன்றுமில்லை. அசைன்மென்ட்டைக் கெடு நாளின் இரவு பதினொன்றரை மணிக்குத் திறக்கிற பழக்கம் இங்கே ஆகாது. ஆபீஸ் கால் முடிந்து வந்து பார்த்தால் பக்கம் மூடியிருக்கும்.

ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம் உண்டு. அமெரிக்க விண்ணப்பங்களின் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழும். ஜூலைப் பருவத்தின் 12 வாரப் பாடத்துக்குத் தேர்வு அக்டோபர், நவம்பர் வாக்கில்தான். அதன் பிறகுதான் ரிசல்ட். முதல் ரவுண்டுக்கு அது கைக்கு வந்து சேராது. எனவே விண்ணப்பிக்கும் அதே ஆண்டின் ஜனவரிப் பருவத்தில் எழுதி முடித்துவிடுங்கள். ஜூலைப் பருவத்தை சி.வி.யில் 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று போடத்தான் முடியும். இன்னொன்று, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் பதிவு பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மூடிவிடும். வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் முடித்துவிட்டு ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டே வேண்டும் என்றால் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் நெட்மேத். கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி எல்லாம் நம் வேகத்தில் படிக்கலாம், 16 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிவிடும். பி.காம்., பி.பி.ஏ. படித்துவிட்டுக் கணிதமே காட்ட முடியாதவர்களுக்கு இந்தச் செலவு நியாயம். பி.இ. படித்தவர்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

மதிப்பெண் வேண்டாம், பாடம் மண்டையில் ஏறினால் போதும் என்பவர்களுக்கு எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய 18.06 இருக்கிறது. வீடியோவை மட்டும் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. அதே பக்கத்தில் கணக்குகளும் விடையோடு பழைய தேர்வுத்தாள்களும் கிடக்கின்றன. வீடியோவுக்கு ஒரு மணி நேரமென்றால் கணக்குக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதே தளத்தில் நிதித் துறையில் கணிதப் பயன்பாடு பற்றிய பாடம் ஒன்று 2013 இலையுதிர் பருவ வீடியோக்களாக இருக்கிறது. அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்த்தால் பயம் வரும்.

சி++ மட்டும் இலவசத்தில் ஒப்பேற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காரணம் எளிது: நாம் எழுதிய கோடை வேறொருவர் படித்துத் திருத்தினால்தான் அந்த மொழி வரும். குவாண்ட்நெட்டும் நியூயார்க் பாரூக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் சி++ பாடத்தில் பயிற்சிகளைத் திருத்திக் கொடுக்கிறார்கள், மதிப்பெண்ணும் உண்டு. ஜாவாவில் பல வருடம் ஓட்டியவர்கள் 'நமக்குத் தெரியாததா' என்று இறங்கி, பாயின்டரிலும் காப்பி கன்ஸ்ட்ரக்டரிலும் மாட்டிக்கொள்வது வழக்கம். வெக்டரை ரெஃபரன்ஸாக அனுப்பாமல் அப்படியே ஃபங்ஷனுக்குள் அனுப்பினால் ஒவ்வொரு அழைப்பிலும் மொத்தமும் நகலாகும். ஜாவா பழக்கத்தில் அது கண்ணிலேயே படாது, புரோகிராம் மட்டும் நத்தையாக ஊரும்.

ஷேர் மார்க்கெட் டிரேடிங் கோர்ஸ், சார்ட் பார்க்கிற கோர்ஸ் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. சி.எஃப்.ஏ. (நிதி ஆய்வாளர் சான்றிதழ்) முதல் லெவல் நல்ல படிப்புதான், ஆனால் லீனியர் அல்ஜீப்ரா இல்லாத குறையை அது அடைக்காது.

இனி, எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடலாம்.

மூன்று பங்குகள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் கோரிலேஷன் (எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.9. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 0.9. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 0.5. பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. டிடர்மினன்ட் போடுங்கள்: 1 + 2 × 0.9 × 0.9 × 0.5 − 0.81 − 0.81 − 0.25. விடை −0.06. கோரிலேஷன் மேட்ரிக்ஸுக்கு டிடர்மினன்ட் நெகட்டிவாக வரவே கூடாது. அதாவது இப்படி மூன்று பங்குகள் உலகத்தில் இருக்க முடியாது. முதல் இரண்டு கோரிலேஷனும் 0.9 என்றால் மூன்றாவது கோரிலேஷன் குறைந்தது 0.62 ஆக இருந்தே தீர வேண்டும். இந்த மேட்ரிக்ஸையே சோலஸ்கி முறையில் (ஒரு கீழ்முக்கோண மேட்ரிக்ஸ், அதன் டிரான்ஸ்போஸ் இரண்டின் பெருக்கலாக) பிரித்தால் இரண்டாம் வரிசை வரை அலுங்காமல் போகும். மூன்றாம் வரிசையின் கடைசி எண்ணுக்கு 1 − 0.81 − 0.506 என்று வந்து, −0.316-க்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லும். கம்ப்யூட்டரில் அங்கே 'NaN' என்ற எண்ணல்லாத விடை வந்து, பிறகு வரும் சிமுலேஷன் முழுக்க அதுவே பரவும். மேட்ரிக்ஸ் இப்படித் தடங்கலின்றிப் பிரிவதற்கு வேண்டிய 'பாசிட்டிவ் டெஃபினிட்' என்ற தன்மையை வரையறையாக மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடத்தில் கை ஓடாது. எந்த கோர்ஸ் எடுத்தாலும், இந்த மாதிரி 3×3 மேட்ரிக்ஸைக் கையால் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு வந்திருக்கிறோமா என்பதுதான் அளவுகோல்.

அடுத்தது மான்டி கார்லோ, அதாவது ரேண்டம் எண்களால் விலை போகக்கூடிய பாதைகளை (பாத்களை) நிறைய உருவாக்கி சராசரி எடுக்கும் முறை. பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5%, வாலடிலிட்டி (விலை ஏற்ற இறக்கத்தின் அளவு) 20%, ஒரு வருட யூரோப்பியன் கால் ஆப்ஷன், அதாவது வருடக் கடைசியில் ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை. ஆப்ஷன் விலைக்கான பிளாக் ஷோல்ஸ் சூத்திரம் 10.45 கொடுக்கும். சி++ல் எழுதி ஓட்டுகிறீர்கள், 11.77 சுற்றி வருகிறது. பாத்களின் எண்ணிக்கையை பத்தாயிரத்திலிருந்து பத்து லட்சத்துக்கு ஏற்றுகிறீர்கள், அப்போதும் 11.77தான். இங்கே நின்று யோசிக்க வேண்டும். இந்த ஆப்ஷனுக்கு பத்தாயிரம் பாத்களில் ஸ்டாண்டர்டு எரர் (தற்செயல் பிழையின் அளவு) சுமார் 0.15, பத்து லட்சத்தில் சுமார் 0.015. 1.32 அளவு வித்தியாசம் தற்செயலாக வர முடியாது. கோடில் தேடினால் ட்ரிஃப்ட் (விலையின் சராசரி நகர்வு) வரியில் '1/2' என்று எழுதியிருப்பீர்கள். சி++க்கு முழு எண் வகுத்தலில் அது பூஜ்யம். வட்டியிலிருந்து வாலடிலிட்டி வர்க்கத்தில் பாதியைக் கழிக்க வேண்டிய இடத்தில் எதுவும் கழியவில்லை. '0.5' என்று மாற்றினால் விலை இடத்துக்கு வந்துவிடும். இதில் வேடிக்கை, தற்செயலாக நகரும் விலைகளுக்கான ஸ்டோகாஸ்டிக் கால்குலஸின் அடிப்படை விதியான இட்டோ லெம்மாவின் இரண்டாம் வரிசை உறுப்பை மறந்தவருக்கும் அச்சு அசலாக இதே 11.77தான் வரும். ஸ்டோகாஸ்டிக் கால்குலஸைத் தாளில் மட்டும் படிப்பதைவிட இப்படி ஓட்டிப் பார்த்துப் படித்தால் அந்த உறுப்பு பிறகு மறக்காது. ரேண்டம் எண்ணின் சீடை லூப்புக்குள் வைத்து, அதற்கு நேரத்தைக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஒரே வினாடிக்குள் ஓடும் பாத்கள் எல்லாம் ஒரே பாத்தாகிவிடும்.

வரிசை: லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் முதலில், அதற்குப் பிறகுதான் ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ். நிபந்தனை எதிர்பார்ப்பு (கண்டிஷனல் எக்ஸ்பெக்டேஷன்) கை வராமல், அதை வைத்தே வரையறுக்கப்படும் மார்ட்டிங்கேல் பக்கம் போனால் குறியீடுகளைத்தான் நகல் எடுப்பீர்கள். ப்ராபபிலிட்டியின் கோட்பாட்டு அடித்தளமான மெஷர் தியரியை இந்தக் கட்டத்தில் விட்டுவிடலாம். வேலையோடு ஒரு கணிதப் பாடத்துக்கு வாரம் 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ஒரே சமயத்தில் இரண்டு கணிதப் பாடம் வேண்டாம். ஒரு கணிதம், ஒரு புரோகிராமிங் என்றால் தாங்கும். மெட்ரோவிலோ சில்க் போர்டு நெரிசலில் கம்பெனி பஸ்ஸிலோ வீடியோ பார்க்கலாம், கணக்குப் போட முடியாது. கணக்கை சனி, ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

நேரலை வகுப்பு உள்ள பாடமென்றால் மணியைப் பாருங்கள். நியூயார்க்கில் மாலை 6 மணி என்பது நமக்கு மறுநாள் விடியற்காலை 3:30. நவம்பர் முதல் ஞாயிறு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 4:30. வருகைப்பதிவுக்கு மதிப்பெண் உண்டா, வீடியோ பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று பணம் கட்டும் முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள்.

கண்காணிப்போடு நடக்கும் ஆன்லைன் தேர்வுக்கு ஆபீஸ் லேப்டாப் உதவாது. அட்மின் உரிமை இல்லாமல் அந்த சாஃப்ட்வேர் ஏறாது, ஏறினாலும் வி.பி.என். தடுக்கும். பி.ஜி.யில் பகிர்ந்துகொள்ளும் அறையும் சரிப்படாது. நடுவில் ரூம்மேட் உள்ளே வந்தாலே கேமராவில் பதிவாகிவிடும். நண்பர் வீட்டில் கதவு சாத்தக்கூடிய அறை, ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ்., அதற்கும் மேலாக போனில் ஹாட்ஸ்பாட்.

பணம் கட்டுவதில் இரண்டு இடத்தில் தடுக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைத்துத்தான் வரும். பேங்க் ஆப்பில் போய் இயக்கி, வரம்பையும் ஏற்ற வேண்டும். ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% என்றால் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேரும். ஒரு லட்ச ரூபாய்க் கட்டணத்துக்கு 4,130 ரூபாய் கூடுதல். பேங்க் வழியாக அனுப்பினால், இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் போய்ச் சேரும் தொகையில் சில டாலர் குறைந்து, சேர்க்கை நிலுவையில் நிற்கும்.

கடைசியாகப் பெயர். நம் இனிஷியல் வழக்கத்தால் வரும் இந்தத் தொல்லை மற்ற மாநிலத்துக்காரர்களுக்குக் குறைவு. மார்க் ஷீட்டில் 'செந்தில் மா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேமாக, ஆன்லைன் கணக்கில் ஜிமெயிலில் இருக்கிற செல்லப்பெயர் என்றால், மூன்றும் ஒரே ஆள் என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? எந்தப் பாடத்தில் சேரும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே எழுத்துகளில், அதே வரிசையில் பெயரைக் கொடுங்கள். சான்றிதழ் வந்தபின் திருத்தக் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். அதை மாற்றுவதானால் ஆன்லைன் பாடங்களில் சேரும் முன்பே பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் வந்துவிடுங்கள். மார்க் ஷீட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எடுத்து, டிரான்ஸ்கிரிப்ட் ஸ்கேனோடு சேர்த்து ஒரே பிடிஎஃபாக ஏற்றினால் போதும்.