மாலை ஆறு மணிக்கு உயரும் ஆறு

எண்ணூரில் பிறந்த எனக்குச் சிறுவயதில் மின்சாரம் என்றால் புகைபோக்கிதான். வாசலில் நின்றால் தெரியும். காற்று மாறி அடித்தால், கொடியில் காயும் வேட்டியிலும் தெரியும். மின்வாரியத்தில் சேர்ந்த பிறகும் முதல் ஆறு ஆண்டுகள் ஓர் அனல் மின் நிலையத்தில்தான் கழிந்தன. அங்கே அவசரம் எடுபடாது. ஆறிக் கிடக்கும் கொதிகலனைப் பற்றவைத்து, நீராவி திரட்டி, டர்பைனை மெல்லச் சூடேற்றி, மின்தொகுப்போடு இணைப்பதற்குள் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட்காரர்கள் வந்துவிடுவார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் பில்லூர் நீர் மின் நிலையத்துக்கு மாற்றலாகிப் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஜீப்பில், காட்டு வழி. இருபுறமும் செங்குத்தாக எழும் மலைகள், நடுவே பவானி ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு, அதை அடைத்து நிற்கும் அணை. மாலையில் எதிர்க்கரையில் யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும். கடலைத் தவிர வேறு பெரிய நீர்ப்பரப்பைப் பார்த்திராத எனக்கு, அலையே இல்லாமல் அவ்வளவு தண்ணீர் அசையாது நிற்பது முதல் சில நாட்கள் அச்சமாகக்கூட இருந்தது.

பில்லூரும் சேர்ந்த நீலகிரியின் குந்தா நீர் மின் திட்டத்தின் அழகு என்று நான் நினைப்பது இதைத்தான்: ஒரே தண்ணீர் பலமுறை உழைக்கிறது. மேல்பவானியிலும் அவலாஞ்சியிலும் எமரால்டிலும் தேங்கும் மழைநீர் குந்தா, கெத்தை, பரளி என்று மலையில் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் டர்பைனைச் சுழற்றிவிட்டுப் பில்லூருக்கு வந்து சேர்கிறது. இங்கே 50 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. அதன்பின் ஆறாகவே மேட்டுப்பாளையத்தைக் கடந்து பவானிசாகர் அணைக்குப் போகிறது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா உதவியோடு தொடங்கிய பணி. சரிவிலேயே நிற்கத் தடுமாறும் அந்த மலைகளில் இரும்புக் குழாய்களைச் சுமந்து பொருத்தியவர்களை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

நீர் மின் நிலையத்தின் வேகம் எனக்குப் புதிது. மாலையில் மின்தேவை கூடும்போது, எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து அழைப்பு வரும். சில நிமிடங்களில் இயந்திரம் சுழன்று தொகுப்போடு இணைந்துவிடும். முதல் வாரம் எனக்கு அதில் பெருமிதம் தாங்கவில்லை. எங்கள் மூத்த ஆபரேட்டர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்தவர், அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தம்பி, வேலை இல்லையென்றால் என்னோடு வாருங்கள்" என்று மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப்போனார்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நடு ஆற்றில் பாறைகள் வெளியே தெரிந்தன. துவைத்த துணிகளை அவற்றின்மேல் விரித்திருந்தார்கள். சற்றுத் தள்ளி வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் குளிக்க இறங்கியிருந்தது. அவர் ஒரு கல்லைக் காட்டி, "இதையே பாருங்கள்" என்றார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீரில் சருகுகள் கூடுதலாக வந்தன. கல்லின் அடியில் ஈரம் ஒரு விரற்கடை ஏறியது. துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார், துணியைச் சுருட்டினார், குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "மேலே வாங்க, தண்ணீர் வருகிறது" என்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லைக் காணவில்லை.

"சென்னையில் விளக்குப் போட்டுவிட்டார்கள்" என்றார் அவர், எழுந்து வேட்டியை உதறியபடி.

என் அம்மா தண்டையார்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்த காலம் அது. அந்நேரம் அங்கே விளக்கேற்றிவிட்டு டிவி போட்டிருப்பார். மழையே இல்லாமல் ஓர் ஆறு உயர்வதற்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு உறைத்ததில்லை. உள்ளூர்க்காரர்களுக்குச் சருகு போதும். குளிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அன்றிலிருந்து ஒவ்வொரு முறை இயந்திரத்தை இயக்கும்போதும் அந்தக் கல் என் கண்முன் நிற்கும்.

மழைக்காலம் வேறு கதை. அணையின் முழு உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்தாக வேண்டும். மலையுச்சியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். மதகைத் தூக்குவது எளிது. அதற்கு முன் பேச வேண்டிய தொலைபேசிகள்தான் வேலை. வருவாய்த்துறை, காவல்துறை, பவானிசாகர். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் லாக் புக்கில் எழுதாமல் மதகில் கைவைக்கக் கூடாது என்பதில் அந்த மூத்தவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. நானும் பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகச் சில இளைஞர்களின் கோபத்தையும் வாங்கிக்கொண்டேன்.

ஓய்வுபெற்று வடசென்னைக்கே திரும்பிவிட்டேன். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பில்லூரில் அந்த இரவு ஷிப்டில் யார் இருக்கிறார்களோ, எத்தனை தொலைபேசிகள் பேசினார்களோ என்று விடியும்வரை விழித்திருந்தேன்.

இப்போது நான் இருப்பது மணலியில், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க்குக் கீழ்ப்புறம். 21 அடியைச் சற்றே தாண்டும் உயரம்தான் அந்த ஏரிக்கு. ஆனால் அது நிரம்பும்போது மணலி, கொசப்பூர், சடையங்குப்பம் ஆகிய ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். போன வடகிழக்குப் பருவமழையில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் எங்கள் தெருவுக்கு வந்தார். மழையில் நனைந்திருந்தார். நிறுத்தித் தேநீர் கொடுத்து, "எத்தனை கன அடி, தம்பி?" என்று கேட்டேன். சொன்னார். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னார். காலண்டரின் ஓரத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டு, கால்வாய் ஓரத்துக் குடிசைகள் பக்கம் குடையோடு நடந்தேன்.