கறுப்பாகத் திறந்த வானம்

வைஸ் விண்தொலைநோக்கியின் படத்தை மூலக்கோப்பிலிருந்தே எடுத்து, நானே வண்ணம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். முதல் கோப்பு திறந்தது. திரை முழுக்கக் கறுப்பு, ஆங்காங்கே சில வெள்ளைப் புள்ளிகள். தவறான இடத்தை இறக்கிவிட்டோமோ என்று ஆயத்தொலைவுகளை மூன்று முறை சரிபார்த்தேன். இடம் சரிதான்.

வைஸ் 2009 டிசம்பர் 14 அன்று ஏவப்பட்டது. 40 சென்டிமீட்டர் விட்டமே உள்ள சிறிய தொலைநோக்கி. ஆனால் வானம் முழுவதையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என்ற நான்கு அகச்சிவப்பு அலைநீளங்களில் படம்பிடித்தது. அந்தத் தரவெல்லாம் கால்டெக் நிறுவனத்தின் ஐபேக் மையம் நடத்தும் இர்சா காப்பகத்தில் பொதுவில் இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் கிடையாது, எதற்காகக் கேட்கிறாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆய்வாளர் கைக்குப் போகும் அதே கோப்புதான் என் கைக்கும் வந்தது. இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது.

நான் தேர்ந்தெடுத்தது ஸீட்டா ஒஃபியூக்கை என்ற விண்மீன். சூரியனைப் போல 20 மடங்கு நிறையுள்ள ராட்சதன். துணையாக இருந்த இன்னொரு பெரிய விண்மீன் வெடித்தபோது தூக்கி எறியப்பட்டு, இப்போது தூசு மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது என்பது வானியலாளர்களின் கருத்து. ஓடும் திசையில், படகின் முன்னால் எழும் அலை போல, ஒரு வில் உருவாகியிருக்கிறது. அந்த வில்லைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காப்பகத்தின் தேடல் பெட்டியில் விண்மீனின் பெயரைக் கொடுத்தாலே போதும். வானத்தை 18,240 சதுரங்களாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சதுரம் 1.56 பாகை அகலம், அதாவது மூன்று முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம். 4095-க்கு 4095 பிக்சல். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் மூன்று கோப்புகள் உண்டு: ஒளியின் அளவு, அந்த அளவில் உள்ள நிச்சயமின்மை, ஒவ்வொரு பிக்சலும் எத்தனை முறை படம்பிடிக்கப்பட்டது என்ற வரைபடம். நான் ஒளிக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன், தலா 67 மெகாபைட். மற்ற இரண்டும் நிபுணர்களுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதில்தான் பிறகு மாட்டிக்கொண்டேன்.

சரி, கறுப்புத் திரைக்கு வருவோம். இவை ஃபிட்ஸ் வகைக் கோப்புகள். உள்ளே இருப்பவை வண்ணங்கள் இல்லை, எண்கள். திரையில் காட்டும் மென்பொருள் மிகக் குறைந்த எண்ணைக் கறுப்பாகவும் மிக அதிகமானதை வெள்ளையாகவும் வைத்து, நடுவில் சமமாகப் பங்கிடுகிறது. ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தால் போதும், அது உச்சியைப் பிடித்துக்கொள்ளும். தூசு, மேகம், மங்கலான விண்மீன் எல்லாம் அடிமட்டத்தில் கறுப்போடு கறுப்பாக ஒட்டிக்கிடக்கும். பைத்தானில் ஆஸ்ட்ரோபை நூலகம் வழியாகத் திறந்து, பின்னணி அளவைக் கழித்து, பிரகாசத்தை ஆர்க்-சைன்-ஹைப்பர்பாலிக் சார்பின்படி அமுக்கினேன். மங்கலானதை விரித்து, பிரகாசமானதை அடக்கும் சார்பு அது. 22 மைக்ரான் கோப்பில் அடுத்த நொடி வில் எழுந்து வந்தது. இருளில் இவ்வளவு நேரமும் அது இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் வில் விண்மீனுக்குக் கீழே இருந்தது. ஸீட்டா ஒஃபியூக்கையின் சுய இயக்கம், அதாவது வானத்தில் அது நகரும் திசை, வடகிழக்கு நோக்கியது என்று விண்மீன் பட்டியல் சொல்கிறது. வடக்கு மேலே இருந்தால் வில்லும் மேல்பக்கம் இருக்க வேண்டும். காரணம் எளிது: ஃபிட்ஸ் கோப்பில் முதல் வரிசை படத்தின் அடியில் இருக்கும், என் வரைபட நூலகம் அதை உச்சியில் வைத்துவிட்டது. ஒரு சொல்லை மாற்றியதும் நேரானது. சுய இயக்கத்தோடு ஒப்பிடாமல் இருந்திருந்தால் தலைகீழான வானத்தையே மாட்டி வைத்திருப்பேன்.

வண்ணச் சேர்க்கைக்கு வைஸ் குழு வெளியிட்ட படங்களின் முறையையே பின்பற்றினேன். 3.4-க்கு நீலம், 4.6-க்கு இளநீலம், 12-க்குப் பச்சை, 22-க்குச் சிவப்பு. முதல் மூன்று அலைநீளங்களில் தொலைநோக்கியின் கூர்மை சுமார் 6 விகலை, 22 மைக்ரானில் 12 விகலை. (ஒரு பாகையில் 3,600 விகலைகள்.) அதனால் சில விண்மீன்களைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது. எல்லாவற்றையும் 12 விகலைக்கு மங்கலாக்கினால் வளையம் போய்விடும், கூடவே நுணுக்கமும் போய்விடும். நான் வளையத்தை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சிவப்பில் மிக மெல்லிய நேர்க்கோடு ஒன்று. இன்னொன்று, பச்சையில் மட்டும் தெளிவாகத் தெரியும் ஒரு சிறிய வட்டத் திட்டு. திட்டைப் பார்த்ததும் மனம் எங்கெங்கோ ஓடிற்று. யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று என்று உண்மையாகவே நம்பினேன். இரண்டு இரவுகள் அதிலேயே போயின.

ஒதுக்கி வைத்த கோப்புகளை மூன்றாம் இரவுதான் இறக்கினேன். எத்தனை முறை படம்பிடிக்கப்பட்டது என்ற வரைபடம், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் செவ்வகங்களாக இருந்தது. தொலைநோக்கி 11 நொடிக்கு ஒரு படம் எடுத்தது. பல படங்களை அடுக்கித்தான் ஒரு சதுரம் உருவாகிறது. ஓரிடத்தில் அடுக்கு கூடும், பக்கத்தில் குறையும். என் நேர்க்கோடு அச்சாக அந்தச் செவ்வகங்களில் ஒன்றின் விளிம்பின்மேல் விழுந்தது. திட்டுக்குப் பொருள் பட்டியலில் விடை கிடைத்தது. வைஸ் கண்ட பொருள்களின் பட்டியலான ஆல்வைஸில் உள்ள 74 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களில் ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஓர் எச்சரிக்கை எழுத்து உண்டு. பக்கத்து விண்மீனின் ஒளிக்கீற்று, உணரியில் தங்கிய முந்தைய படத்தின் மிச்சம், ஒளிவட்டம், கண்ணாடிகளுக்குள் தெறித்த போலிப் பிம்பம் என்று நான்கு வகை. சிறிய எழுத்து என்றால் உண்மையான பொருள் கலங்கியிருக்கலாம், பெரிய எழுத்து என்றால் பொருளே பொய்யாக இருக்கலாம். என் திட்டுக்குப் பக்கத்தில் போலிப் பிம்பத்துக்கான பெரிய எழுத்து நின்றது.

ஏமாற்றமாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்று அந்தக் காப்பகத்தின்மேல் எனக்கு வந்த மரியாதை வேறு. தங்கள் கருவி எங்கெல்லாம் பொய் சொல்லும் என்பதையும் இவ்வளவு பொறுமையாகப் பொருள் பொருளாக எழுதி, படத்தோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். இப்போது எந்தச் சதுரத்தை இறக்கினாலும் அந்த இரண்டு கோப்புகளைத்தான் முதலில் திறக்கிறேன்.

அந்தப் பழக்கத்தோடு அடுத்து ஹைட்ரா விண்மீன் குழாமுக்குப் போனேன். 2014-இல் கெவின் லூமன் வைஸ் தரவில் கண்டறிந்த வைஸ் 0855-0714 அங்கே இருக்கிறது. சுமார் 7.4 ஒளியாண்டு தூரத்தில், மனித உடலைவிடக் குளிர்ந்த ஒரு பழுப்புக் குறுமீன், அதாவது விண்மீனாக எரியப் போதிய நிறையில்லாத பொருள். ஆண்டுக்கு 8 விகலை நகர்கிறது. 4.6 மைக்ரானில்தான் நன்றாகத் தெரியும். இதற்கு வைஸ் படங்களை மீண்டும் அடுக்கித் தரும் அன்வைஸ் என்ற மறுதொகுப்பு வசதியானது. அதில் அரையாண்டுக்கு ஒன்றாகப் பிரித்த படங்கள் உண்டு, ஒரு பிக்சல் 2.75 விகலை. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் பொருத்தி, வரிசையாக ஓடவிட்டேன்.

மற்ற எல்லாம் அசையாமல் நிற்க, ஒரு மங்கலான புள்ளி மட்டும் வலது பக்கமாக, அதாவது மேற்கே நகர்ந்தது. உடனே நம்பவில்லை. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் எத்தனை படங்கள் அடுக்கப்பட்டன என்று பார்த்தேன். அருகில் போலிப் பிம்பம் எறியக்கூடிய பெரிய விண்மீன் உண்டா என்று பார்த்தேன். பிறகு ஒவ்வொரு படத்திலும் புள்ளியின் இடத்தை அளந்து தாளில் குறித்தேன்.

2010-க்கான குறிகளுக்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி இருந்தது. குளிர்விக்கும் உறைந்த ஹைட்ரஜன் 2010-இல் தீர்ந்து, 2011 பிப்ரவரியில் தொலைநோக்கியை உறங்க வைத்தார்கள். 2013 டிசம்பரில்தான் நியோவைஸ் என்ற பெயரில் மீண்டும் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. 2014-க்குப் பிறகான குறிகளை மட்டும் வைத்து ஒரு கோடு இழுத்து, அதைப் பின்னோக்கி நீட்டினேன். காலியாக இருந்த அந்த ஆண்டுகளைக் கடந்து, 12 பிக்சல் தள்ளி, கோடு 2010-இன் குறிமேல் போய் நின்றது.